கழற்ற வைக்காத காதுக்காப்பு

தீபாவளி வெடிக்கு நம் நாட்டில் சட்டப்படி ஒரு சத்த வரம்பு உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி வைத்து அளந்தால், அதன் உச்ச ஓசை 145 டெசிபலைத் தாண்டக் கூடாது. திரியைப் பற்ற வைத்தவர் காதைப் பொத்திக்கொண்டு ஓட அந்த 4 மீட்டராவது கிடைக்கிறது. துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருப்பவருக்கு அந்த இடைவெளி கிடையாது. பிஸ்டல் என்றால் குழல் வாய்க்கும் காதுக்கும் நடுவே இருப்பது ஒரு கை நீளம். ரைஃபிள் என்றால் கன்னத்தையே துப்பாக்கிக் கட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டுதான் சுட வேண்டும். என்.சி.சி. முகாம்களில் மாணவர்கள் சுடும் சின்ன .22 ரைஃபிள்கூட 140 டெசிபலை ஒட்டி ஒலிக்கும். 9 மி.மீ. பிஸ்டல் 160ஐ நெருங்கும். பெரிய ரகத் துப்பாக்கிகள் 170ஐயும் கடக்கும். இந்த எண்களைச் சாதாரணக் கூட்டல் கணக்காகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். டெசிபலில் 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, 10 கூடினால் பத்து மடங்காகிறது, 20 கூடினால் நூறு மடங்காகிறது. அதாவது 140க்கும் 160க்கும் உள்ள வித்தியாசம் ஏழில் ஒரு பங்கு இல்லை, நூறு மடங்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களின் காதுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 140 டெசிபல். குழந்தைகளுக்கு 120. இந்த விளையாட்டில் மிக எளிய துப்பாக்கியே அந்த வரம்பில் போய் நிற்கிறது.

காதுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால்தான் காதுக்காப்பை எப்படித் தேர்வு செய்வது என்பது விளங்கும். உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒலி அதிர்வை நரம்பு மொழியாக மாற்றுவது அவைதான். தோல் உரிந்தால் புதிதாக வளரும், எலும்பு முறிந்தால் கூடும். மனிதக் காதின் மயிர்ச் செல் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பலத்த சத்தம் கேட்கும்போது நடுக்காதின் சிறு தசைகள் தாமாக இறுகி ஒலியைக் கொஞ்சம் தணிக்கும். இயற்கை நமக்குத் தந்த காவல் அது. ஆனால் அந்தத் தசை முழுதாக இறுகுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு வரைகூட ஆகலாம். துப்பாக்கி வெடியின் உச்சமோ ஒன்றிரண்டு மில்லி நொடியில் முடிந்துவிடுகிறது. காவல்காரர் கதவுக்கு வருவதற்குள் திருடன் போய்விட்டான்.

இந்தச் சேதம் முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த சுருதிகளில் தொடங்குவது வழக்கம். அதனால்தான் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் "காது கேட்கலை" என்று சொல்வதில்லை. "கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியலை" என்பார்கள். உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் ஒலிப்பதால் காதில் விழுகின்றன. ச, ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகள் நழுவிப் போகின்றன. கல்யாண மண்டபத்தில், பஸ்ஸில், பேரக் குழந்தையின் மழலையில் வார்த்தைகள் கரைந்துபோகும். கூடவே, ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு காதுக்குள் ஓயாத ரீங்காரம். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் இழப்பீடு பெறும் உடல் குறைகளில் முதலிடத்தில் இருப்பது இந்தக் காது இரைச்சல்தான். வலது தோளில் வைத்துச் சுடுபவர்களுக்கு இடது காது கூடுதலாகக் கெடுவது மருத்துவர்கள் நெடுநாளாகக் கண்டுவரும் இன்னொரு விஷயம். தலை கட்டையின் பக்கம் சாய்ந்திருப்பதால் வலது காது தலையின் மறைவுக்குள் போய்விடுகிறது. இடது காது குழல் வாயை நோக்கித் திரும்பியிருக்கிறது.

காதுக்காப்பு தேவை என்பதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். சாதாரண இயர் மஃப், அதாவது இரண்டு கிண்ணங்களும் ஒரு வளைவுப் பட்டையும் கொண்ட கருவி, எல்லா ஒலியையும் ஒரே மாதிரி அடைத்துவிடும். வெடியும் அடங்கும், பயிற்சியாளர் பேசுவதும் கேட்காது. எலெக்ட்ரானிக் மஃப்பில் கிண்ணத்தின் வெளிப்பக்கம் குட்டி மைக் இருக்கிறது. அது சுற்றுப்புற ஒலியை வாங்கி, உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் வழியாகக் காதுக்குக் கொடுக்கிறது. வெடிச்சத்தம் வந்ததும் உள்ளே இருக்கும் சுற்று அந்த ஒலியை மட்டுப்படுத்திவிடுகிறது. பேச்சு கேட்கும், வெடி அடங்கிக் கேட்கும். கேட்பதற்கு மாயம் போல இருப்பதாலேயே விளம்பரங்கள் அந்தச் சுற்றைத்தான் முன்னால் நிறுத்துகின்றன. வாங்குபவரும் அதைப் பார்த்தே பணத்தை எண்ணி வைக்கிறார். நான் வாதிட விரும்புவது இங்கேதான். எலெக்ட்ரானிக் காதுக்காப்பில் வெடிச்சத்தத்தைத் தடுப்பது எலெக்ட்ரானிக்ஸ் இல்லை. தடுப்பது பிளாஸ்டிக் கிண்ணமும், அதனுள் இருக்கும் ஸ்பாஞ்சும், காதைச் சுற்றிப் படிந்து உட்காரும் குஷனும். சுற்று செய்வதெல்லாம் மைக் வழியாக வெடி உள்ளே வராமல் வாசலை அடைப்பது மட்டுமே. சுவர் வழியாக வருவதைத் தடுக்க அதனால் ஆகாது. பேட்டரி தீர்ந்துபோனாலும் எலெக்ட்ரானிக் மஃப் வெடியிலிருந்து முன்போலவே காக்கும், பேச்சு மட்டும் கேட்காது. குஷன் கிழிந்துபோனால், உலகிலேயே விலை உயர்ந்த சுற்று உள்ளே இருந்தாலும் பயனில்லை.

அப்படியானால் எலெக்ட்ரானிக்ஸுக்குக் கூடுதல் பணம் ஏன் தர வேண்டும்? காதுக்காப்பைக் கழற்றும் அவசியத்தை அது இல்லாமல் ஆக்குகிறது என்பதற்காக. ஒரு ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில், அரை மணி நேரம் நின்று பார்த்தாலே இது புரியும். பயிற்சியாளர் வாயசைக்கிறார். மாணவர் இடது கிண்ணத்தை இரண்டு விரலால் நெம்பி, "என்ன சார்?" என்று தலையைச் சாய்க்கிறார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தடத்தில் இருப்பவர் விசையை அழுத்துகிறார். ஆலை இரைச்சலில் வேலை பார்ப்பவருக்குக் காதுக்காப்பைச் சில நிமிடம் கழற்றினால் அன்றைய பாதுகாப்பு ஓரளவு குறையும். துப்பாக்கியில் கணக்கே வேறு. 160 டெசிபல் வெடி ஒன்றே ஒன்று திறந்த காதில் விழுந்தாலும், அதுவரை நூறு வெடிக்குக் காத்துவந்த பாதுகாப்பெல்லாம் வீண். ஆகவே காதுக்காப்பின் தரத்தை அளக்க, எத்தனை டெசிபல் குறைக்கிறது என்பதோடு, ரேஞ்சுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை அது காதிலேயே இருக்குமா என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதிலாகத்தான் எலெக்ட்ரானிக்ஸ் வந்தது. முதல் கேள்விக்கான பதில் எப்போதும் கிண்ணத்திலும் குஷனிலும்தான் இருக்கிறது. கடைக்காரர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்கிறார்கள். வாங்குபவர் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான பெட்டியில் என்.ஆர்.ஆர். என்று ஓர் எண் இருக்கும். ஒலியை எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதற்கான மதிப்பீடு அது. ஐரோப்பாவுக்கான பெட்டியில் எஸ்.என்.ஆர். என்று வேறோர் எண். சோதனை முறையும் கணக்கும் வேறு என்பதால் ஒரே கருவிக்கு எஸ்.என்.ஆர். பொதுவாகப் பெரிதாக வரும். ஒரு கடையில் 25 என்றும் இன்னொரு கடையில் 22 என்றும் பார்த்துவிட்டு, 25தான் உசத்தி என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டு பெட்டியும் ஒரே அளவுகோலில் பேசுகின்றனவா என்று முதலில் பாருங்கள். அடுத்தது, அந்த எண் ஆய்வுக்கூடத்தில், முறையாகப் பொருத்தப்பட்ட நிலையில், சீரான இரைச்சலில் அளந்தது. வியர்வை, கண்ணாடி, அவசரம் எல்லாம் சேர்ந்த நிஜ உலகில் அத்தனை கிடைப்பதில்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், பெட்டி எண்ணில் மஃப்புக்குக் கால் பங்கையும், காதுக்குள் செருகும் ஸ்பாஞ்ச் இயர் பிளக்குக்குப் பாதியையும் கழித்துவிட்டுக் கணக்குப் போட 1998இல் சொன்னது. பலரும் வாங்கும் எலெக்ட்ரானிக் மஃப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட், என்.ஆர்.ஆர். 22. கால் பங்கு போனால் 16.5. வெடி 160 என்றால் காதுக்குப் போவது ஏறத்தாழ 143. சீரான இரைச்சலுக்கான கணக்கை வெடிக்குப் பொருத்துவது தோராயம்தான் என்றாலும், நிலைமை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரிகிறது. நல்ல மஃப்பைப் போட்டுக்கொண்டபின்னும் 140க்கு மேலேயே நிற்கிறோம்.

அதனால்தான், குறிப்பாக நான்கு சுவருக்குள் இருக்கும் ரேஞ்சில், பிளக், மஃப் இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள் வல்லுநர்கள். அங்கே வெடி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பத் திரும்பக் காதுக்கு வரும். இரண்டையும் போட்டால் இரண்டு எண்ணும் கூடிவிடாது. இரண்டில் பெரியதோடு 5 டெசிபல் அளவு சேரும், அவ்வளவுதான். காதை எத்தனை இறுக்கி மூடினாலும் மண்டையோட்டு எலும்பு வழியாக ஒலி உட்காதுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும் என்பதால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆனால் 5 டெசிபல் என்பது மூன்று மடங்கு ஆற்றல் என்பதை மறந்துவிடக் கூடாது. எலெக்ட்ரானிக் மஃப்பின் அருமை தெரிவதும் இங்கேதான். சாதாரண மஃப்புக்குள் பிளக்கும் போட்டால் முழுச் செவிடு. எலெக்ட்ரானிக் மஃப் என்றால், உள்ளே பிளக்கை வைத்துக்கொண்டு வெளியே ஒலியளவைக் கூட்டி வைக்கலாம். பயிற்சியாளரின் குரல் பிளக்கைத் தாண்டியும் வந்து சேரும். இரட்டைப் பாதுகாப்போடு பேச்சும் கேட்க இதுவே எளிய வழி. அதிகம் சுடுபவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: நடுத்தர விலையில் ஓர் எலெக்ட்ரானிக் மஃப், அதற்கு அடியில் சில பத்து ரூபாய் ஸ்பாஞ்ச் பிளக். இந்தச் சேர்க்கை, தனியாகப் போடும் விலை உயர்ந்த மஃப்பைவிட மேல்.

ஸ்பாஞ்ச் பிளக்கைப் போடத் தெரிந்திருக்க வேண்டும். காதின் வாசலில் அழுத்தி வைத்துக்கொண்டு போட்டாயிற்று என்று நினைப்பவர்கள் ஏராளம். பிளக்கை விரல்களுக்கு நடுவே மெதுவாக உருட்டி, மடிப்பு விழாமல் ஊதுபத்தித் தண்டு போல ஒல்லியாக்க வேண்டும். வலது காது என்றால் இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். வளைந்திருக்கும் காதுக் குழாய் அப்போது நேராகும். உடனே பிளக்கை உள்ளே செலுத்தி, அது விரியும்வரை 20, 30 நொடி விரலால் பிடித்திருக்க வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுகப் பொத்திப் பாருங்கள். சத்தம் மேலும் குறைவதாகத் தோன்றினால் பிளக் சரியாக உட்காரவில்லை, எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். மஃப்புக்கும் இதே சோதனை பொருந்தும். எலெக்ட்ரானிக்ஸை அணைத்துவிட்டு, கிண்ணங்களைக் கையால் தலையோடு அழுத்துங்கள். அழுத்தியதும் வெளிச்சத்தம் நன்றாகக் குறைகிறது என்றால், எங்கோ இடைவெளி இருக்கிறது.

இடைவெளியை உண்டாக்குவது பெரும்பாலும் மூக்குக் கண்ணாடிதான். துப்பாக்கி சுடும்போது கண்ணுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதால் கண்ணாடி இல்லாமல் நிற்க முடியாது. அதன் கை குஷனுக்கு அடியில் புகுந்து ஒரு சிறு சந்தை உண்டாக்குகிறது. தண்ணீர்த் தொட்டியில் ஊசித் துளை எப்படியோ, ஒலிக்கு அந்தச் சந்து அப்படி. கை தட்டையாகவும் மெலிதாகவும் இருக்கும் கண்ணாடியும், ஜெல் நிரப்பிய குஷனும் இருந்தால் சேதம் குறையும். கூடுதல் விலை கொடுக்கலாம் என்று நான் தயங்காமல் சொல்லும் வசதி இந்த ஜெல் குஷன்தான், ப்ளூடூத் இல்லை. அள்ளி முடிந்த கூந்தல், காதோரம் வரும் தலைத் துணி, டர்பன் எல்லாம் இதே கணக்கில் வரும். இப்படி இருப்பவர்களுக்குப் பட்டை தலைக்குப் பின்னால் வரும் மாதிரிகள் உண்டு, அல்லது காதுக்குள் பொருந்தும் எலெக்ட்ரானிக் பிளக்குகள் பொருத்தமாக இருக்கும். ரைஃபிளும் ஷாட்கன்னும் சுடுபவருக்கு இன்னொரு சிக்கல். கன்னத்தைக் கட்டையில் பதிக்கும்போது பருத்த கிண்ணத்தின் அடிப்பக்கம் கட்டையில் இடித்து, மஃப் மேலே நெம்பிக்கொள்கிறது. விசையை அழுத்தும் அந்த நேரத்தில்தான் சந்து திறக்கிறது. பெட்டி எண் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், அடிப்பக்கம் வெட்டி ஒல்லியாகச் செய்த கிண்ணம் இவர்களுக்கு மேலானது. என்.ஆர்.ஆர். 30 உள்ள பருத்த மஃப் பிஸ்டல்காரருக்கு வரமாக இருக்கலாம். கன்னத்தில் கட்டையை வைப்பவருக்கு அது 30 ஆக இருக்கப்போவதில்லை. ஆகவே கடையில் தலையை நிமிர்த்தி வைத்துப் போட்டுப் பார்ப்பது போதாது. உங்கள் கண்ணாடியோடு, தொப்பியோடு, சுடும் நிலையில் கழுத்தைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

பொருத்தம்தான் எல்லாம் என்பதற்கு இந்தத் துறை கண்ட மிகப் பெரிய சாட்சியம் அமெரிக்க நீதிமன்றங்களில் பதிவாகியிருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் இல்லாமலே, பேச்சை விட்டு வெடியைத் தடுக்கும்படி வடிவமைத்த இருமுனை இயர் பிளக் ஒன்றை அந்நாட்டு ராணுவம் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. காம்பாட் ஆர்ம்ஸ் என்று பெயர். அதன் நீளம் போதாமல், காதுக்குள் தெரியாமலே தளர்ந்துவிடுகிறது என்று ராணுவத்தினர் லட்சக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். தயாரிப்பாளரான 3எம் நிறுவனம், தவறை ஒப்புக்கொள்ளாமல், 2023 ஆகஸ்ட்டில் 600 கோடி டாலருக்கு மேல் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள உடன்பட்டது. வழக்கின் சரி தவறு எதுவானாலும், அதன் மையத்தில் இருந்தது ஒரு பிளக் காதுக்குள் எத்தனை ஆழம் போய் எத்தனை உறுதியாக நிற்கிறது என்ற கேள்விதான்.

கிண்ணமும் குஷனுமான சுவர் சரியானபின், சுற்று காக்கும் வாசலைப் பார்க்கலாம். பழைய எலெக்ட்ரானிக் மஃப்கள் வெடி வந்ததும் ஒலியை அடியோடு வெட்டிவிடும். வரிசையாக வெடி கேட்கும் ரேஞ்சில் பேச்சு துண்டு துண்டாகத்தான் காதில் விழும். இப்போதைய நல்ல கருவிகள் வெட்டுவதற்குப் பதில் ஒலியை அமுக்கிக் கொடுக்கின்றன. அதனால் வெடிக்கு நடுவிலும் "ஸ்டாப்" என்ற கட்டளை புரியும். அந்த ஒரு சொல் புரிவது காதுக்கு மட்டுமல்ல, உயிருக்கே பாதுகாப்பு. இரண்டு கிண்ணத்திலும் தனித்தனி மைக் இருந்தால் ஒலி இடமிருந்து வருகிறதா வலமிருந்தா என்று தெரியும். முன்னா பின்னா என்பதில் தடுமாற்றம் இருக்கும். காது மடல் செய்யும் நுட்பமான வேலையை எந்த மைக்கும் முழுதாகச் செய்துவிடுவதில்லை. திறந்த வெளியில் சுடுபவர் மைக்குக்கு மேல் காற்றைத் தடுக்கும் பஞ்சு உறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாள் முழுதும் புயல் கேட்கும். சில மணி நேரத்தில் தானே அணையும் வசதி இருப்பது நல்லது. கடையில் எளிதாகக் கிடைக்கும் பேட்டரி இருப்பதும் நல்லது. மற்றவை ஆசைக்கு.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். ஒலியைப் பெருக்கிக் காதுக்குக் கொடுத்தால் அதுவே காதைக் கெடுக்காதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நல்ல கருவிகளில் ஸ்பீக்கர் கொடுக்கும் ஒலிக்கு உச்ச வரம்பு இருக்கிறது. மேலே சொன்ன ஹோவர்ட் லைட் கருவியில் அது 82 டெசிபல். நாளுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் என்பது நியோஷ் வகுத்த வரம்பு. ஆகவே முறையான கருவியில் பயமில்லை. வரம்பு எத்தனை என்று பெட்டியில் எங்கும் சொல்லாத மலிவுக் கருவியில் பயப்படத்தான் வேண்டும், அதை வாங்காமல் விடுங்கள். இரண்டாவது வாதம் பழையது: "அந்தக் காலத்துல எல்லாம் வெறுங்காதோடதான் சுட்டாங்க, என்ன ஆச்சு?" என்ன ஆயிற்று என்பதற்குப் பதில், முன்பே சொன்ன முன்னாள் ராணுவத்தினரின் காது இரைச்சலில் இருக்கிறது. "கொஞ்ச நேரம் ஙொய்னு இருந்தது, காலையில சரியாப் போச்சு" என்பது இதன் தம்பி. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் 2009இல் எலிகளைப் பலத்த சத்தத்துக்கு உட்படுத்தினார்கள். சில நாளில் கேட்கும் திறன் சோதனையில் பழையபடி ஆயிற்று. ஆனால் மயிர்ச் செல்லுக்கும் நரம்புக்கும் நடுவே உள்ள இணைப்புகள் பெருமளவு நிரந்தரமாக அறுந்திருந்தன. எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. சரியாகிவிட்டது என்ற உணர்வை மட்டும் நம்பிச் சேதமில்லை என்று முடிவு செய்ய முடியாது என்பதற்கு அது போதுமான எச்சரிக்கை.

மூன்றாவது எதிர்வாதம்தான் வலுவானது, நம் நாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. ஒலிம்பிக் வகைப் போட்டிகளை நடத்தும் சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்., ஒலியை வாங்கும் சாதனம் எந்த வகையில் பொருத்தியிருந்தாலும் அந்தக் காதுக்காப்பைப் போட்டியாளர் அணிய அனுமதிப்பதில்லை. வெளியிலிருந்து யாரும் ரகசியமாக ஆலோசனை சொல்லிவிடக் கூடாது என்பதே நோக்கம். ப்ளூடூத் காலத்தில் அந்த அச்சம் நியாயமே. அப்படியானால் போட்டியில் போட முடியாத பொருளை எதற்கு வாங்க வேண்டும்? ஒரு வீரர் சுடும் குண்டுகளில் போட்டியில் சுடுவது சிறு பங்கு, பயிற்சியில் சுடுவதுதான் மிகப் பெரும்பங்கு. பயிற்சியில்தான் பேச்சும் திருத்தமும் அதிகம், மஃப்பைத் தூக்கும் சபலமும் அங்கேதான். போட்டிக்குச் சாதாரண மஃப்பும் பிளக்கும் போதும், அங்கே அமைதியே துணை. போட்டிக்கு முன் சில வாரம் அதே சாதாரணக் காதுக்காப்போடு பழகிக்கொள்வதும் அவசியம். பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் களமிறங்கிய புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமானைப் பார்த்து ஷாட்கன் மேல் ஆசைப்படும் இளைஞர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் பிரிவுகளின் கதை வேறு. அங்கே வெடிமருந்து கிடையாது, அழுத்திய காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. சத்தம் வெகுவாகக் குறைவு, கவனம் சிதறாமலிருக்கச் சாதாரண பிளக்கே போதும். ஏர் ரைஃபிளில் தொடங்கும் பிள்ளைக்கு எலெக்ட்ரானிக் மஃப் வாங்க வீட்டில் யாரும் கடன்பட வேண்டாம். .22க்கு மாறும் நாளில் யோசித்தால் போதும். உண்மையில் இந்தக் கருவி முதலில் போய்ச் சேர வேண்டியது வீரரைவிடப் பயிற்சியாளருக்கும் ரேஞ்ச் அதிகாரிக்கும். ஒரு வீரர் தன் பயிற்சி நேரத்து வெடிகளை மட்டும் கேட்கிறார். பயிற்சியாளர் எல்லோருடைய வெடியையும், ஆண்டுக்கணக்கில், பேசிக்கொண்டே கேட்கிறார்.

நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் குஷன் சீக்கிரம் விறைத்து வெடித்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். மென்மை போயிருந்தால், உதிரியாகக் கிடைக்கும் புது குஷனை மாட்ட வேண்டும். அந்த மாதிரிக்கு உதிரிக் குஷன் இங்கே கிடைக்குமா என்று வாங்குமுன்பே கேட்டுவிடுவது நல்லது. கிடைக்காது என்றால் அந்தக் கருவியின் ஆயுள் ஓரிரண்டு ஆண்டுதான். பையில் போட்டு வைக்கும்போது பட்டையை விரித்த நிலையில் திணித்தால் பிடிப்புத் தளரும். வாரக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். அது கசிந்தால் சுற்று போயிற்று.

கடைசியாகப் பெற்றோருக்கும், புதிதாக இந்த விளையாட்டுக்கு வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் மஃப்பை வாங்குவதற்கு முன் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய் கேட்கும் திறனைக் கோடாக வரைந்து காட்டும் ஓர் ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து, ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எடுத்து, 4,000 ஹெர்ட்ஸில் கோடு கீழே இறங்குகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சுட்டுவிட்டு வந்தபின் காதில் இரைச்சலோ அடைப்போ இருந்தால், நாளைக்குச் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.